அண்ணனின் 2001 பால்டர்ஸ் கேட் சேவ்: இன்றைய கணினியில் திறக்க வழி உண்டா?

மாம்பலம்_மேற்கு:

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் மேற்கு மாம்பலம் வீட்டில் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தோம். மூலையில் ஒரு தகர டிரங்குப் பெட்டி கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழே இருந்த கணினி, மானிட்டர், அப்பாவின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. மேலே இருந்ததால் இது மட்டும் தப்பியிருக்கிறது.

உள்ளே பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டு, ஐந்து சிடி. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா 1999-ல் வாங்கி வந்தது. அதோடு ஒரு நீள நோட்டு. அப்புறம் கறுப்பு மார்க்கரில் "சேவ் - தொடாதே" என்று எழுதிய ஒரு ரைட்டபிள் சிடி. சேவ் என்றால் ஆட்டத்தை விட்ட இடத்தை அப்படியே பதிந்து வைப்பது. எழுத்து என் அண்ணனுடையது. 2001-ல் கணினியை ஃபார்மட் பண்ணும் முன்னால், பக்கத்துத் தெரு பிரௌசிங் சென்டருக்கு ஹார்ட் டிஸ்கையே கழற்றிக் கொண்டுபோய் அவன் அதை எழுதி வாங்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் 2011-ல் தவறிவிட்டான்.

அந்த ஆட்டத்தை விளையாடியது அவன். நான் டிஸ்க் மாற்றுகிறவன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாததால் கொஞ்சமாகத்தான் இன்ஸ்டால் செய்திருந்தோம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் உடனே வேறு டிஸ்க் கேட்கும். நான் ஐந்தையும் வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆங்கிலத்தில் வரும் பேச்சை அவன் தமிழில் சொல்லிக்கொண்டே போவான். கதாநாயகனை எடுத்து வளர்த்த கோரியன் இருட்டில் சாகிற இடத்தை அவன் சொன்ன விதத்தில் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

நோட்டில் வரைபடங்கள் இருக்கின்றன. கூடவே பக்கம் பக்கமாகக் கழித்தல் கணக்கு. பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், தாக்கோ கணக்கு: எதிரி மேல் அடி விழ பகடையில் எவ்வளவு வர வேண்டும் என்பது. நம் ஆளின் தாக்கோ 18, எதிரியின் கவச எண் 5 என்றால் இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கவச எண் குறையக் குறைய எதிரி கெட்டி. மைனஸ் 2 என்றால்? 18-இல் இருந்து மைனஸ் 2-ஐக் கழிக்க வேண்டும், ஆக 20. ஏழாம் வகுப்பில் எனக்கு ஏறவே ஏறாத கணக்கு இது. அந்த நோட்டில் கவசம் போட்ட ஒரு ஆளை வரைந்து, பக்கத்தில் எண்கோடு போட்டு அவன்தான் புரிய வைத்தான். படம் அப்படியே இருக்கிறது. பால்பேனா மை கொஞ்சம் பரவியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. நோட்டைப் பார்த்ததிலிருந்து "இந்த கேமைக் காட்டு" என்கிறாள். எனக்கு மூன்று கேள்விகள். ஒன்று, அந்த சேவ் சிடியின் வெளி ஓரம் செதில் செதிலாக வெளுத்திருக்கிறது, அதை என்ன செய்வது? இரண்டு, மூல சிடியில் மூன்றாவது டிஸ்க் படிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று, இப்போது கிடைக்கும் புதுப்பித்த பதிப்பான என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்கினால் அண்ணனின் சேவ் அதில் திறக்குமா? அவன் எங்கே நிறுத்தினானோ அங்கிருந்து மகளுக்குக் காட்ட வேண்டும். புதிதாக ஆரம்பிப்பதில் எனக்கு மனம் இல்லை.

சில்லுவண்டு:

சார், முதலில் அந்த சேவ் சிடியை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ரிச்சி தெருவில் பதினெட்டு வருடமாக சர்வீஸ் வேலை. இந்தத் தவறில் போன சிடிகள்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய சிடியும் வீட்டில் எழுதிய சிடியும் ஒன்றல்ல. கடை சிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழியாக அச்சாகி இருக்கும், மேலே அலுமினியப் பூச்சு. எழுதுகிற சிடியில் இருப்பது ஒரு சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. வெயில், புழுக்கம், வெளிச்சம் மூன்றும் சாயத்துக்கு ஆகாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற பரணில் சித்திரை மாத வெக்கை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும். சேவ் ஃபைல்கள் சின்னவை, அதனால் அந்த சிடியில் கொஞ்சம்தான் எழுதியிருப்பார். நடுவில் நிறம் மாறியிருக்கும் வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். அதற்கு வெளியே வெளுத்திருந்தால் பெரிய கவலை இல்லை.

மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் சமாளித்துவிடும், தடத்தோடு ஓடுகிற கீறலைச் சமாளிக்காது. எழுத்து இருக்கிற மேல்பக்கத்தைத் தொடவே வேண்டாம். எல்லோரும் அடிப்பக்கம்தான் மென்மை என்று நினைக்கிறார்கள். சிடியில் தகவல் மேல்பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது.

பிறகு ஃபைலாக காப்பி பண்ணாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நன்றாகப் படிக்கிற இடத்தை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் முரண்டு பிடிக்கிற இடத்துக்குத் திரும்பி வரும். எதெல்லாம் வந்தது, எது வரவில்லை என்று குறித்து வைத்துக்கொள்ளும். வேறு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் இரண்டு மூன்று டிரைவில் முயல வேண்டும். மூன்றாவது டிஸ்கை ஒருநாள் நேரில் கொண்டு வாருங்கள், கீறல் என்றால் பாலிஷ் பண்ணிப் பார்க்கலாம்.

பெரம்பூர்_64பிட்:

சில்லுவண்டு சொன்னபடி சிடி வேலையை முடியுங்கள். மற்றது நான் சொல்கிறேன்.

மூன்றாவது டிஸ்க் படிக்கவில்லை என்றாலும் ஆட்டம் போய்விடவில்லை. ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஜிஓஜி தளத்தில் பால்டர்ஸ் கேட் என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்கினால், 1998-ன் மூல ஆட்டமும் கூடவே கிடைக்கும், டிஸ்க் கேட்காமல் ஓடும். உங்கள் அண்ணனின் சேவ்-ஐ மூல ஆட்டத்தில்தான் திறக்க வேண்டும். பீம்டாக் நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த என்ஹான்ஸ்டு எடிஷன் உள்ளே நிறைய மாறியது. நீரா, ரசாத், டோர்ன் என்று முதலில் இல்லாத ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள். பழைய சேவ்-ஐ அதற்குள் திணிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். இந்த ஆட்டத்தில் ஒரு சேவ் என்பது ஒரு ஃபைல் இல்லை, ஒரு போல்டர். போல்டரின் பெயர் ஒன்பது இலக்க எண், ஒரு கோடு, பிறகு ஆடுகிறவர் டைப் செய்த பெயர். உள்ளே ஆட்டத்தின் நிலை ஒரு ஃபைலில், போய்வந்த இடங்களின் நிலை இன்னொரு ஃபைலில். அப்புறம் சின்னச் சின்ன பிஎம்பி படங்கள். கூட்டாளிகளின் முகங்கள் ஒரு பக்கம் இருக்க, ஒரு படம் சேவ் செய்த நொடியில் திரையில் என்ன தெரிந்ததோ அது. ஆட்டமே திறக்காமல் போனாலும் அந்தப் படங்களைச் சாதாரணமாகவே பார்க்கலாம். அண்ணன் வைத்த பெயர்களையும் படிக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு போல்டரை அப்படியே மூல ஆட்டத்தின் சேவ் போல்டரில் போடுங்கள்.

திரை 640-க்கு 480 அளவில்தான் வரும். பெரிய மானிட்டரில் மங்கலாக இருந்தால் வைட்ஸ்கிரீன் மாட் போட்டுக்கொள்ளலாம். மாட் என்றால் ரசிகர்கள் ஆட்டத்தில் செய்து தரும் மாற்றம்.

ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருடம் முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் காலத்துப் பல டிஸ்குகளில் நகலெடுப்பதைத் தடுக்க இருந்த சேஃப்டிஸ்க் பூட்டை விண்டோஸ் 10 ஏற்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் ஆட முடியாது. இதே வகை ஆட்டமான ஐஸ்விண்ட் டேல் 2 வந்தது 2002-ல். அதன் மூல நிரல் கிடைக்காததால் பீம்டாக் அதைப் புதுப்பிக்கவே இல்லை. பிறகு ரசிகர்கள்தான் 2022-ல் ஒரு பெரிய மாட் ஆகச் செய்து முடித்தார்கள். ஜெம்ஆர்பி என்று இந்த ஆட்டங்களை ஓட்டும் அடிப்படை நிரலான எஞ்சினையே வெளியிலிருந்து புதிதாக எழுதி, இருபது வருடத்துக்கு மேலாகச் சம்பளம் இல்லாமல் பராமரிக்கிறார்கள். இதேபோல வேறு பழைய ஆட்டங்களான மோரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ, டாகர்ஃபாலுக்கு டாகர்ஃபால் யூனிட்டி. இன்னொரு பக்கம், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. பால்டர்ஸ் கேட் பிழைத்த பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் அண்ணனின் சேவ்-ஐ எந்தக் கடையும் விற்காது, எந்த ரசிகரும் திரும்ப எழுதித் தர முடியாது. எடுத்ததும் மூன்று இடத்தில் பிரதி வையுங்கள்.

நங்கநல்லூர்_நிலா:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் இந்த உலகத்துக்குள் வந்ததே பால்டர்ஸ் கேட் 3 வழியாகத்தான், 2023 ஆகஸ்டில். அதில் கவச எண் ஏற ஏற நல்லது. தாக்கோ என்ற சொல்லே எனக்குத் தெரியாது. இந்த ஆட்டங்களுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு விதிகள் 2000-ல் வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் படித்தேன். அங்கிருந்து பின்னோக்கிப் போய் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் என்ற பழைய ஆட்டத்தை டேப்லெட்டில் முடித்தேன். அதன் என்ஹான்ஸ்டு எடிஷன் இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம். அவ்வளவு வாசிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அது சின்ன உதவி இல்லை. பெரம்பூர் அண்ணா அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னைப் போல வருகிறவர்களுக்கு அதுதான் வாசல்.

ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் நான் மூல ஆட்டத்தின் பக்கம். அவள் பார்க்க வேண்டியது பெரியப்பா பார்த்த அதே திரை. மங்கலாக இருந்தால் இருக்கட்டும். பிறகு அவளாகவே ஒரு புது ஆட்டம் தொடங்க ஆசைப்படுவாள், அப்போது என்ஹான்ஸ்டு எடிஷனைக் கொடுங்கள். ஆங்கிலத்தை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். அது எந்த எடிஷனிலும் வராது.

பெரம்பூர்_64பிட்:

நிலா சொல்வது நியாயம். டேப்லெட்டில் படித்து முடித்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மாம்பலம்_மேற்கு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

வளையத்தைச் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பகுதி நடுவில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை, வெளுப்பு அதைத் தொடவில்லை. முதல் டிரைவில் பாதி வந்தது, அலுவலக நண்பரின் பழைய லேப்டாப் டிரைவில் மீதி. பதினோரு போல்டரில் ஒன்பது முழுசாக வந்தன.

பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாகவே டைப் செய்திருக்கிறான். சாப்பிட்டு வரேன். கரண்ட் வந்தாச்சு. அம்மா கூப்பிடறாங்க. நாளைக்கு செமஸ்டர். ஒன்றன் பெயர் "தம்பி தூங்கிட்டான்".

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் சேர்ந்தே ஆடினோம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஃபைலின் நேரம் இரவு 11:52. நான் தூங்கியபின் அவன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று பார்க்கவே முதலில் அதைத் திறந்தேன். திறந்தது. பெரகாஸ்ட் ஊரில் ஒரு விடுதி, ஆறு பேரும் கணப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். பையில் இருந்த பழைய வாள்களைக் காணோம், விற்றிருக்கிறான். எல்லோர் கையிலும் புது அம்புக்கட்டு. கோரியனின் உடலில் கிடைத்த கடிதம் மட்டும் விற்காமல் பையில் இருந்தது.

அதற்கு முந்தைய சேவின் பெயர் "அம்மா கூப்பிடறாங்க", அன்றைக்கே இரவு 9:40. இரண்டிலும் கதையில் நடந்ததை ஆட்டமே குறித்து வைக்கும் ஜர்னலைத் திறந்து பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு வரிகூடக் கூடவில்லை. அடுத்தது மறுநாள் மாலை. நாஷ்கெல் சுரங்க வாசல், நான் டிஸ்க் போட்ட இடம். அந்த இரண்டு மணி நேரமும் அவன் சாமான் விற்று, அம்பு வாங்கி, ஆட்களைத் தூங்க வைத்துக் காயத்தை ஆற்றியிருக்கிறான். சுரங்கத்துக்குள் நான் இல்லாமல் போகவில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ உள்ளே போலாமா?" என்றாள். அந்த மாலை நேரத்து சேவ்-ஐத் திறந்து போனோம். முதலில் வந்த கோபோல்டு என்ற குட்டி அரக்கனிடமே ஒருவன் அடி வாங்கினான். நோட்டை எடுத்து வந்து அதன் கவச எண்ணைக் கழிக்க ஆரம்பித்தாள். நான் தமிழில் சொல்கிறேன், அண்ணன் அளவுக்கு வரவில்லை.

இரண்டு போல்டர் இன்னும் வரவில்லை. டிடிரெஸ்க்யூ குறித்து வைத்த ஃபைலையும் மூன்றாவது டிஸ்கையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு வருகிறேன், சில்லுவண்டு. கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

சில்லுவண்டு:

எட்டரை வரை இருப்பேன். நோட்டையும் கொண்டு வாருங்கள் சார், பார்க்க வேண்டும்.