'நிகழ்தகவுவாதம்' பொருந்தவில்லை: 'ஏற்புநெறி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினின் கத்தோலிக்க அறநெறி இறையியல் பற்றிய கட்டுரையில் 'ப்ராபபிலிசம்' என்பதை 'நிகழ்தகவுவாதம்' என்று எழுதியிருக்கிறோம். கணிதத்தில் நிகழ்தகவு சரி. இங்கே கேள்வி, ஒன்று நடக்குமா என்பதல்ல. ஒரு கருத்தை நம்பி நடந்துகொள்ளலாமா என்பது.

1577இல் சலமான்காவில் சாமிநாதர் சபைத் (டொமினிக்கன்) துறவி பார்த்தொலொமே தெ மெதினா, இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமாவின் நூலுக்கு எழுதிய உரையில் சொன்னது இவ்வளவுதான்: ஒரு கருத்து ஏற்கத்தக்கது என்றால், அதற்கு எதிரானது இன்னும் ஏற்கத்தக்கதாக இருந்தாலும், முதலாவதைப் பின்பற்றலாம். ஒரு வணிகர் குருவிடம் ஒப்புரவுக்கு, அதாவது பாவ அறிக்கை செய்ய, வருகிறார். அவர் போட்ட ஒப்பந்தம் வட்டிப் பாவமா? ஆம் என்போர் பக்கம் வாதம் வலுவாக இருக்கிறது. இல்லை என்போரும் அறிஞர்களே, அவர்களிடமும் நல்ல காரணம் உண்டு. மெதினாவின் விதிப்படி குரு அவரைப் பாவி என்று திருப்பி அனுப்ப முடியாது. இதில் எண்ணிக் கணக்கிட என்ன இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், 1654இல் நிகழ்தகவுக் கணக்குக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்காலே அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கொள்கையைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அதனால் 'ஏற்புநெறி' என்கிறேன். இந்தக் கருத்துக்கு ஒரு குடும்பமே இருப்பதால், ஒரே வேரிலிருந்து மற்றவையும் கிளைக்க வேண்டும். அதிக ஏற்புள்ள கருத்தையே பின்பற்று என்பது மேலேற்புநெறி. சந்தேகம் வந்தால் சட்டத்தின் பக்கமே நில் என்பது காப்புநெறி. எப்படியாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்பது தளர்நெறி. மத்ரித்தில் பிறந்த 17ஆம் நூற்றாண்டு இறையியலாளர் கரமுவெலை இதன் இளவரசர் என்றே 18ஆம் நூற்றாண்டு அறநெறி இறையியலாளர் லிகோரி குறிப்பிட்டார். 1679இல் திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட் கண்டித்த 65 கூற்றுகளும் இந்த வகைதான்.

திர்சோ கொன்சாலெசின் கதையை விரிவாகவே எழுத வேண்டும். சலமான்காவில் கற்பித்தவர், மேலேற்புநெறியாளர். 1687இல் இயேசு சபைத் (ஜெசுவிட்) தலைவரானார். ஆனால் சபையில் பெரும்பாலோர் ஏற்புநெறிக்காரர்கள். ஏற்புநெறியை எதிர்த்துத் தலைவர் எழுதிய நூலுக்குச் சபைக்குள்ளேயே முட்டுக்கட்டை! கடைசியில் 1694இல்தான் அது வெளிவந்தது. அப்புறம், ஏற்பு, மேலேற்பு என்ற இணை இல்லாமல் இந்தச் சண்டையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

*

மறுமொழி:

ஐயா, காரணம் சரி, சொல்லில்தான் தயக்கம். 'மேலேற்பு' என்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட்டது போல இருக்கிறது. 'தகவு' என்பதே தகுதிதானே? 'தக்கார் தகவிலர்' என்று குறளில் வருகிறது. நிகழத் தகுவது நிகழ்தகவு. 'நிகழ்' என்பதை மட்டும் வெட்டிவிட்டால் தகவுநெறி, மிகுதகவுநெறி. எதிரெதிரான இரண்டு கருத்துகளும் சமமாக ஏற்கத்தக்கவையாக இருக்கையில் லிகோரி சொன்னதற்கு நிகர்தகவுநெறி. காப்புநெறியும் தளர்நெறியும் அப்படியே இருக்கட்டும்.

*

மறுமொழி:

'தகவு' பிடித்திருக்கிறது. ஆனால் விகிதத்துக்கும் சிலர் அதையே சொல்கிறார்களே. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் 'கருத்துத்தகவுநெறி' என்று முழுதாகப் போட்டுப் பார்க்கிறேன்.