புதுப்பிப்பு: டெக்குக்கு எந்த ஸ்க்ரூ, எந்தக் கருவி?

டொராண்டோ வீட்டின் பின்பக்கம் டெக் (திறந்தவெளி மரமேடை) கட்டப் போகிறேன், எந்த ஸ்க்ரூ வாங்கலாம், இருக்கிற டிரில் போதுமா என்று வசந்தத்தில் இங்கே கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஸ்க்ரூ. இங்கே வீட்டு வேலைக்கான மரத்தில், உளுத்துப்போகாமல் இருக்க ஏற்றும் ஆர்செனிக் கலந்த மருந்தை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவதில் செம்பு அதிகம். ஸ்க்ரூ மேலுள்ள மெல்லிய துத்தநாகப் பூச்சை அது சீக்கிரமே தின்றுவிடும். அதனால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். இரண்டையும் ஒரே இணைப்பில் கலக்க வேண்டாம்.

ஜாய்ஸ்ட் ஹேங்கர், அதாவது பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை (ஜாய்ஸ்ட்) பின்னாலுள்ள மரத்தோடு பிடித்து நிறுத்தும் உலோகத் தாங்கி: அதில்தான் சாதாரண ஸ்க்ரூ வேண்டாம் என்று எல்லோரும் அழுத்திச் சொன்னீர்கள், சரிதான். சாதாரண டெக் ஸ்க்ரூ பலகையைப் பிடிக்கத்தான். பக்கவாட்டில் பாரம் ஏறினால் வளையாமல் பட்டென்று ஒடியும். ஹேங்கருக்கு அதற்கென்று உள்ள தடித்த ஆணியே அடித்தேன். பக்கத்தில் சாய்வாக இருக்கும் ஓட்டைகளைக் கவனியுங்கள்: அங்கே நீள ஆணி ஜாய்ஸ்டைக் குறுக்கே துளைத்துப் பின்னாலுள்ள மரத்துக்குள் போக வேண்டும். ஒன்றரை அங்குல ஆணி எட்டாது.

கருவியில், இருக்கிற டிரில்லோடு இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டி ஸ்க்ரூவை முடுக்கும் கருவி) ஒன்று வாங்கினால் போதும், காசு அதில் போடுங்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூவோடு சேர்ந்தால் பிட் (கருவியின் திருகுமுனை) வழுக்காது, மணிக்கட்டும் முறுகாது. டிரில்லை ஓட்டை போட மட்டும் வைத்துக்கொண்டேன். பலகை நுனியில் முன்னோட்டை இல்லாவிட்டால் மரம் பிளக்கும்.

அப்புறம், படிக்கட்டு இன்னும் பாக்கி. அடுத்த மாதம் படம் போடுகிறேன்.