கும்பாபிஷேக மலர் வேலைக் குழு, கானாடுகாத்தான்

சுப்பு: எல்லாருக்கும் வணக்கம். மலர்ல 44, 45 பக்கம் இன்னும் காலி. "ஊர் வரலாறும் மக்கள்தொகையும்"னு தலைப்பு மட்டும் இருக்கு. அச்சகத்துல வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்குறாங்க. ஜனத்தொகை எவ்வளவுன்னு போடட்டும்?

மீனாள் அயித்தை: புள்ளி வரி நோட்டுல இருக்குமே

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: கூகுள்ல பாரு

கதிர் ஆசாரி: பேரூராட்சி ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க

சுப்பு: மூணு இடத்துலயும் பாத்தாச்சு. மூணும் மூணு நம்பர்.

மெய்யம்மை: 😂😂

மீனாள் அயித்தை: பெரியண்ணனைக் கேளு. அவுக சொல்லுவாக

மெய்யம்மை: சொல்லுவாக. சாயங்காலம் வரைக்கும் சொல்லுவாக.

பெரியப்பச்சி: மூணும் சரியாத்தான் இருக்கும். ஒவ்வொண்ணும் வேற ஆளை எண்ணுது. புள்ளின்னா நகரத்தார்ல, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்ல, கல்யாணமான ஒரு ஜோடி. கல்யாணத்துக்குக் கோவில்லேருந்து மாலை வந்து ஏட்டுல பேரு ஏறினாத்தான் புள்ளி. ரெண்டு பேர்ல ஒருத்தர் தவறிட்டா அரைப்புள்ளி. கல்யாணமாகாத பிள்ளைக அதுல வரமாட்டாக. ஏறின புள்ளி சிங்கப்பூர்ல இருந்தாலும் டெக்ஸாஸ்ல இருந்தாலும் இந்த ஊர்ப் புள்ளிதான். சென்சஸ் நேர் எதிர். செட்டியார், ஆசாரி, வேளார், ராவுத்தர்னு பாக்காது. இங்க குடியிருக்கிறவனை எண்ணும். வீடு பூட்டிக் கிடந்தா "காலி வீடு"ன்னு எழுதிட்டுப் போயிரும். நூறு ஜன்னல் இருந்தாலும் ஆள் பூஜ்யம்.

மெய்யம்மை: அப்ப நான் எந்தக் கணக்கு?

மீனாள் அயித்தை: கல்யாணத்தைப் பண்ணு. கணக்குல வந்துருவ

மெய்யம்மை: வேளச்சேரி சென்சஸ்ல நான் முழு ஆள் அயித்தை. எனக்கு அது போதும்

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: இதுக்கு எதுக்கு இவ்வளவு. புள்ளியை நாலால பெருக்கு. ஜனத்தொகை வந்துரும்.

பெரியப்பச்சி: வராது. ஒரே வீட்டுல அப்பன் ஒரு புள்ளி, கட்டின மகன் மூணு பேரும் மூணு புள்ளி. நாலால பெருக்கினா பதினாறு பேர் வரும். அந்த வீட்டுல இன்னிக்கு இருக்கிறது காவக்காரர் ஒருத்தர். இன்னொண்ணு, சுப்பு, நகரத்தார் ஒன்பது கோவில் ஏட்டையும் ஊர் ஏட்டையும் கூட்டிப்புடாத. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி, இந்த ஒன்பதும் ஊர் பாக்காம தன் கோவிலாளை எண்ணும். ஊர் நோட்டு கோவில் பாக்காம தன் ஊராளை எண்ணும். ரெண்டுலயும் அதே ஜோடிதான். கூட்டினா எல்லாரும் ரெட்டிப்பாயிருவோம்.

சுப்பு: சரி. அப்ப சென்சஸ் நம்பர் மட்டும்?

கதிர் ஆசாரி: ஒண்ணு கேக்கலாமா. போன மலர்ல மூணு பக்கம் செட்டிநாடு அரண்மனை. நிலை செதுக்கினது, தூண் கடைஞ்சது, தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு பதிச்சது யாருன்னு ஒரு வரி கிடையாது. ஊர் வரலாறுன்னா எங்க தெருவும் ஊருக்குள்ளதான் இருக்கு.

லூர்து டீச்சர்: கதிர் சொல்றது நியாயம். செட்டியார் வரலாறுன்னா தலைப்பை அப்படிப் போட்டுடுங்க. ஊர்னு போட்டா எல்லாரும் வரணும்.

மீனாள் அயித்தை: யாரு வேணாம்னா. எழுதிக் குடுங்க போடுறோம்

கதிர் ஆசாரி: போன தடவையும் இதேதான் சொன்னீங்க ஆச்சி

பெரியப்பச்சி: கதிர், பழைய சென்சஸ்ல ஆசாரின்னு தேடாதப்பா. மதராஸ் மாகாணப் புத்தகத்துல "கம்மாளர்"னு ஒரே பேருக்குள்ள தச்சர், கொல்லர், தட்டார், கல்தச்சர், கன்னார் அஞ்சும் அடங்கிரும். சாதி அட்டவணை ஜில்லா அளவுலதான் இருக்கும். ஊர் வாரியாக் கிடைக்காது. 1931க்கு அப்புறம் எல்லாச் சாதிக்கும் கணக்கே இல்ல. அதனால உங்க தெருவுக்கு நம்பர் தேடாம வேலையை எழுது. தேக்கு எப்படி வந்துச்சு, நிலைக்கு எத்தனை பேர், எத்தனை மாசம், அதை உங்க அப்பாகிட்ட கேட்டு நீயே ஒரு பத்தி எழுதிக் குடு.

கதிர் ஆசாரி: கேட்டுப் பாக்குறேன்

மீனாள் அயித்தை: வரலாறுன்னா நாம காவிரிப்பூம்பட்டினத்துலேருந்து வந்ததுலேருந்து ஆரம்பிக்கணும். அதை விட்டுறாத சுப்பு

பெரியப்பச்சி: ஆரம்பி. ஆனா "ஐதீகம்"னு எழுது, வருஷம் போடாத. வருஷம் போட்டு எழுதுறது 1852லேருந்து. வெள்ளைக்காரன் கீழ்பர்மாவைப் பிடிச்ச வருஷம் அது. 1869ல சூயஸ் கால்வாய் திறந்து பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல கிராக்கி வந்துச்சு. காடு திருத்தி நெல்லு போட விவசாயிக்குக் கடன் வேணும், வெள்ளைக்கார பேங்கு அவனுக்குக் குடுக்காது. அந்த எடத்துலதான் நம்மாளுக கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைக்கப் போனாக. 1929-30ல பர்மா பேங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தப்ப அங்க 1,600க்கு மேல செட்டியார் கடை. இந்த ஊர் வீடெல்லாம் பெரும்பாலும் அந்தப் பணம். அரண்மனை 1912. ரயில் வந்தது 1930 வாக்குல, ஸ்டேஷன் பேரு செட்டிநாடு. அதே நேரத்துல உலகம் பூரா மந்தம். நெல்லு விலை விழுந்துச்சு. கடனைக் கட்ட முடியாம நிலத்தைக் குடுத்தான். பர்மாவுல 13 நெல்லு ஜில்லாவுல செட்டியார் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம். 1938ல 25 சதவீதம். எழுதுறவுக இதைப் பெருமையாப் போட்டுருவாக. பெருமையில்ல அது. குடுத்த ரொக்கம் மண்ணா மாறிப்போச்சு, அந்த மண்ணை எடுத்துக்கிட்டு ஊருக்கு வர முடியாது. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு. 1948ல நிலத்தை தேசியமாக்கச் சட்டம் போட்டாக. கதை முடிஞ்சது.

மெய்யம்மை: இதுவே 44, 45, 46

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: பர்மா தேக்குன்னதும் தோணுது. நம்ம வீட்டு ரெண்டாம் கட்டுல ரெண்டு தூண் குறையுதுன்னு வாட்ச்மேன் சொன்னாரே. யாராவது பாத்தீங்களா

மீனாள் அயித்தை: மலர் குரூப்ல எதுக்கு அது

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: வீட்டுக் குரூப்ல கேட்டேன். ஆறு மாசமா பதில் இல்ல

மீனாள் அயித்தை: ஓடு மாத்தக் காசு கேட்டு ஒரு வருஷமா பதில் இல்லை, அது தெரியுமா

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மெய்யம்மை: நான் படிச்சுட்டேன் 😶

கதிர் ஆசாரி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழம்பொருள் கடைகளை ஒரு சுத்து வந்தா தெரியும் 😀

சுப்பு: ப்ளீஸ். பெரியப்பச்சி, பழைய சென்சஸ் நம்பர் எடுக்கலாம்னு பாத்தா சிவகங்கைன்னு தேடி 2001, 2011தான் வருது. 1991 காணோம்.

பெரியப்பச்சி: அந்தப் பேருல தேடினா வராது. 1985ல ஜில்லா பிரிச்சப்ப வச்ச பேரு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997லதான் சிவகங்கைன்னு ஆச்சு. 1991 புத்தகம் பசும்பொன் பேருல இருக்கும். 1981லேருந்து பின்னால 1911 வரைக்கும் ராமநாதபுரம். ராமநாதபுரம் ஜில்லாவே 1910லதான் வந்துச்சு, அதனால 1901க்கு மதுரை ஜில்லாவுல சிவகங்கை ஜமீன் பகுதியில பாரு. சென்சஸ் மாவட்டக் கையேட்டுல ரெண்டு பாகம் உண்டு. முதப் பாகம் ஊர், நகர விவரம். ரெண்டாம் பாகத்துலதான் வீடு, ஆண், பெண், 6 வயசுக்குள்ள பிள்ளைக, எழுத்தறிவு, தொழிலாளர் எல்லாம் வரிசையா இருக்கும். பேரூராட்சிங்கிறதால கிராமப் பட்டியல்ல தேடாத. நகரப் பட்டியல்ல பாரு.

மீனாள் அயித்தை: கடியாபட்டியையும் பக்கத்துல போடச் சொல்லு. சம்பந்தி வீட்ல கோவிச்சுக்கப் போறாக

பெரியப்பச்சி: கடியாபட்டி, ராயவரம், அரிமளம் எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். 1941 வரைக்கும் ராமநாதபுரம் புத்தகத்துலயே இருக்காது, சமஸ்தானத்துக்குன்னு தனிப் பகுதி. 1948ல இந்தியாவோட சேந்து திருச்சி ஜில்லாவுல இருந்துச்சு. 1974ல புதுக்கோட்டை தனி ஜில்லா. பக்கம் பக்கமா ரெண்டு சர்க்கார். பொண்ணு குடுக்கல் வாங்கலுக்கு எல்லை கிடையாது, கணக்குக்கு உண்டு.

லூர்து டீச்சர்: ஐயா, பிள்ளைங்களுக்கு ஒரு அட்டவணை போட்டா நல்லா இருக்கும். 1901லேருந்து பத்து வருஷத்துக்கு ஒண்ணு.

பெரியப்பச்சி: போடலாம் டீச்சர், மூணு குறிப்பு அடியில வந்தாத்தான். ஒண்ணு, 1931 வரைக்கும் ஒரே ராத்திரிக் கணக்கு. 1931ல பிப்ரவரி 26. அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தானோ அங்கதான் ஆள். நம்மாளு ரங்கூன்ல கடையில படுத்திருந்தா பர்மாப் புத்தகத்துல ஏறிட்டான். பர்மா 1937 வரைக்கும் இந்தியாவோட ஒரு மாகாணம்தான், அதனால நாட்டுக் கூட்டுத்தொகையில இருப்பான், ஊர்க் கணக்குல இருக்கமாட்டான். மூணு வருஷத் தவணைக்குக் கடை பாக்கப் போனவுக எல்லாம் இப்படித்தான். பெண்டு பிள்ளைக ஊர்ல. பொம்பளை எண்ணிக்கை கூட இருந்தா அச்சுப்பிழைன்னு திருத்திப்புடாதீக. ரெண்டு, 1941ல சண்டைனால அட்டவணையைச் சுருக்கிட்டாக. அந்த வருஷத்து விவரம் மத்த வருஷம் மாதிரி விரிவா இருக்காது. மூணு, "வீடு"ங்கிற கட்டம். 1951லேருந்துதான் வீடு வேற, குடும்பம் வேறன்னு பிரிச்சாக. குடும்பம்னா ஒரே அடுப்புல சாப்பிடுறவுக.

மெய்யம்மை: அப்ப வேறு வச்சவுக?

பெரியப்பச்சி: நல்ல கேள்வி. நம்ம வழக்கப்படி மகனுக்குக் கல்யாணமாகி வேறு வச்சாச்சுன்னா அதே வளவுல தனி அடுப்பு, தனி அரிசி. சென்சஸ் விதிப்படி அது தனிக் குடும்பம். ஒரு கதவு, அஞ்சு குடும்பம். அதோட நம்ம வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. பின்கட்டுல வாடகைக்கு ஆள் இருந்து அவுக பின்வாசலால புழங்கினா அதுக்குத் தனி எண். ஆளை வீட்டால வகுத்து "சராசரி குடும்பம் இத்தனை பேர்"னு போட்டா தப்பாத்தான் வரும். அந்த வரியை எடுத்துரு சுப்பு, நீ அனுப்பின மாதிரிப் பக்கத்துல பாத்தேன்.

சுப்பு: எடுத்துர்றேன்

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: 2011க்கு அப்புறம் ஒண்ணும் இல்லையா? பதினஞ்சு வருஷப் பழசைப் போட்டா சிரிப்பாங்க

பெரியப்பச்சி: 2021ல எடுக்கல. கொரோனாவுல தள்ளிப்போச்சு. அடுத்தது 2027 மார்ச் 1ஐ வச்சு எடுக்குறாக, சாதியும் கேப்பாக. அது வர்ற வரைக்கும் 2011தான். வருஷத்தைச் சேத்துப் போட்டா யாரும் சிரிக்கமாட்டான். "காரைக்குடி 1,06,714 (2011)", "தேவகோட்டை 51,865 (2011)" இந்த மாதிரி. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆனப்ப சுத்துப்பட்டு ஊர்களையும் சேத்துக்கிச்சு. இனி வர்ற நம்பரைப் பழசோட வச்சு "வளர்ந்துருச்சு"ன்னு எழுதினா பாதி எல்லைதான் வளர்ந்திருக்கும்.

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: எனக்கு ஒரே ஒரு நம்பர் போதும். பெரிய எழுத்துல.

பெரியப்பச்சி: ரெண்டு போடணும். 2011 சென்சஸ் ஊருக்கு. புள்ளி தனியா, "நகரத்தார் புள்ளி"ன்னு தலைப்புப் போட்டு. ரெண்டையும் ஒரே கட்டத்துல போடாத. பூட்டின வீட்டுக்காரன் புள்ளியில இருப்பான், சென்சஸ்ல இருக்கமாட்டான். கதிர் வீட்டாளுக சென்சஸ்ல இருப்பாக, புள்ளியில இருக்கமாட்டாக. ரெண்டையும் கலந்தா யாரும் யாருமில்லாம போயிரும்.

லூர்து டீச்சர்: நான் இதுக்கு ஓட்டுப் போடுறேன்

கதிர் ஆசாரி: நானும்

மீனாள் அயித்தை: புள்ளி நம்பர் அச்சுல வரலாமான்னு கோவில் நிர்வாகம் பாக்குற காரியக்காரரைக் கேக்கணும். வரி பாக்கி யாருன்னு கணக்குப் போட்டுருவாக

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: 🙄

மீனாள் அயித்தை: உன்னைச் சொல்லல

மெய்யம்மை: சொன்னாக

சுப்பு: அப்ப சென்சஸ் உறுதி. புள்ளி காரியக்காரர் சொன்னா. அட்டவணைக்கு நான் புத்தகம் தேடுறேன், பெரியப்பச்சி சரி பாக்கணும். கதிரண்ணே, உங்க பத்தி வியாழன் ராத்திரிக்குள்ள?

கதிர் ஆசாரி: அப்பா மனசு வைக்கணும். பாப்போம்

மீனாள் அயித்தை: அதெல்லாம் இருக்கட்டும். சமையல்காரர் எத்தனை இலைன்னு கேட்டு மூணு தடவை போன் பண்ணிட்டார்

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: புள்ளியை நாலால பெருக்குங்க 😂

பெரியப்பச்சி: புள்ளியை வச்சு இலை சொல்லாத மீனா. அன்னிக்கு வெளியூர்லேருந்து வர்றவுக ரெண்டுலயும் இல்லாத மூணாவது கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி எத்தனை பேர், எத்தனை வேளைன்னு கேட்டு எழுது. காலைப் பலகாரத்துக்கு வர்ற கூட்டம் ராத்திரிக்கு இருக்காது, எல்லாரும் மதுரை பிளேனுக்குக் கிளம்பிருவாக. உள்ளூர் இலையைத் தெருவாரியா எண்ணு, பேரூராட்சி வார்டு பட்டியலை வாங்கிக்க. பிள்ளைகளுக்கு அரை இலை போட்டுக் கணக்குப் பாக்காத, பந்தியில எல்லாம் முழு இலைதான் விழும்.

மீனாள் அயித்தை: நானா எல்லாருக்கும் போன் பண்றது?

மெய்யம்மை: அயித்தை நான் ஒரு ஃபார்ம் போட்டு அனுப்புறேன்

மீனாள் அயித்தை: ஃபார்ம்லாம் யாரும் நிரப்பமாட்டாக. போன்தான்

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: நாங்க 5 பேர். மூணு வேளையும். கவுனி அரிசி உண்டா?

மீனாள் அயித்தை: 5ன்னு எழுதிக்கிறேன். தங்குறது எங்க? மேற்கு அறை ஒழுகுது

அண்ணாமலை அண்ணன் சிங்கப்பூர்: காரைக்குடியில ரூம் பாக்குறேன்

லூர்து டீச்சர்: எங்க தெருவுக்கு நான் எண்ணித் தர்றேன் ஆச்சி. ஞாயித்துக்கிழமை போதுமா?

மீனாள் அயித்தை: சனிக்கிழமை குடுங்க டீச்சர். வாழை இலை பொன்னமராவதியிலேருந்து சொல்லணும்