ஓவர்டயக்னோசிஸ்: 'மிகைநோயறிதல்' போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் 'ஓவர்டயக்னோசிஸ்' (overdiagnosis) பற்றி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்:

> 'மிகைநோயறிதல்' என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் படிப்பவர் என்ன நினைப்பார்? டாக்டர் தேவைக்கு மேல் டெஸ்ட் எழுதிவிட்டார், இல்லாவிட்டால் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிட்டார். இரண்டும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுநோயேதான். லேப் ரிப்போர்ட்டில் பிழை கிடையாது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் அதை அறியாமலே வாழ்ந்து, வேறு எதனாலோ இறந்திருப்பார்.

தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் சேர்த்தி இல்லை. வந்ததுதான் வந்தீர்கள், 30–50 டாலர் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் என்று மருத்துவமனைகள் கூப்பிட்டன. 2011-இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். இறப்பு விகிதமோ அசையவே இல்லை. கிட்டத்தட்ட எல்லாருக்கும் அறுவை. அவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் பாராதைராய்டு (கால்சியம் அளவைக் காக்கும் சுரப்பிகள்) செயல் குன்றியது, இரண்டு பேருக்குக் குரல்நாண் முடங்கியது. 2014-இல் சில மருத்துவர்கள் சேர்ந்து இந்த ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் அறுவைகள் சரசரவென்று குறைந்தன.

அதனால் 'வீண் நோயறிதல்' என்கிறேன். வீண் அலைச்சல் என்றால் அலைச்சல் பொய்யில்லை, பலன்தான் இல்லை. இங்கேயும் அதே கதைதான். 'தீங்கிலா நோயறிதல்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். குரல் போனவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

---

ஐயா, கொரியக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. 'வீண்' மட்டும் நெருடுகிறது.

நான் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களில் வேலை பார்ப்பவள். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்போம். புற்றாக மாறும் முன்பே பிடித்துவிடக்கூடிய நோய் அது. அதற்கே ஆயிரம் சமாதானம் சொல்லித்தான் பெண்களை அழைத்து வருகிறோம். துண்டறிக்கையில் 'வீண்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்று. கழுத்தில் தழும்போடு வந்து நிற்கும் ஒருவரைக் காட்டி, இவருக்குச் செய்தது வீண் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அவருடைய கட்டி வளர்ந்திருக்குமா, சும்மா கிடந்திருக்குமா, யாருக்குத் தெரியும்? ஊர் முழுவதையும் எண்ணிப் பார்க்கும்போதுதான் கண்டறிந்தது ஏறி, இறப்பு அப்படியே நிற்பது தெரிகிறது. 'மிகை' கணக்கில் தெரிவது. 'வீண்' ஆளைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. எனக்கு மிகையே சரியாகப் படுகிறது.

---

சரிம்மா, அந்த இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 'மிகைநோயறிதல்' இருக்கட்டும். ஆனால் 'பொய் நேர்மறை'யை, அதாவது இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் சோதனை முடிவை, பட்டியலில் அதன் கீழே துணைப்பதிவாகப் போட்டிருக்கிறார்கள், அதைப் பிரித்துத் தனியாக வைக்கவேண்டும். விளக்கத்தில் 'உண்மையான நோய்' என்பது முதல் வரியிலேயே வரட்டும்.

அடுத்த சொல் ஸ்கிரீனிங், அறிகுறி இல்லாதவர்களையும் சோதித்துப் பார்ப்பது. 'திரையிடல்' என்று யாராவது எழுதினால் டிக்கெட் எங்கே என்று கேட்பேன்.