லைப்ரரியையும் ‘-ஜி’ போட்டுக் கம்பைல் செய்ய வேண்டுமா?

கிராணி மகன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் செம்பனைக் குலை எடைக் கணக்கு நிரலை எம்ஸ்கிரிப்டன் (சி++ நிரலை பிரவுசரில் ஓடும் வாஸ்ம் கோப்பாக மாற்றும் கம்பைலர்) வழியாக பிரவுசருக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கும் நேரத்தில், “பிழை தேடும்போது சி++ வரிகள் தெரிய, லிங்க் செய்யும்போது ‘-ஜிசோர்ஸ்-மேப்’ கொடுத்தால் போதும், லைப்ரரியைத் தொட வேண்டியதில்லை” என்று லயத்து நிரலர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கொடி (கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளைத் தேர்வு), கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கும் டுவார்ஃப் தகவலை (பிழை தேட உதவும் வரி விவரங்களை) எடுத்துத்தான் சோர்ஸ் மேப்பை, அதாவது வாஸ்ம் முகவரியை சி++ வரியோடு இணைக்கும் கோப்பை, உருவாக்குகிறது. கம்பைல் செய்யும்போதே அந்தத் தகவலைச் சேர்க்கும் ‘-ஜி’ போடவில்லையென்றால் எடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

லயத்து நிரலர்:
அண்ணே, என் கணினியில் நடந்ததைத்தான் எழுதினேன். முதன்மை நிரலில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்த வைக்கும் குறி) சரியான வரியில் நிற்கிறது. லைப்ரரி தெரியவில்லையென்றால், பிரவுசர் பழைய மேப்பைக் கேஷில் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கிராணி மகன்:
தம்பி, முதன்மை நிரலை நீங்களே ‘-ஜி’ போட்டுக் கம்பைல் செய்தீர்கள், அதனால் நிற்கிறது. நீங்கள் அனுப்பிய படத்திலேயே கால் ஸ்டாக்கை (எது எதை அழைத்தது என்ற பட்டியலை) பாருங்கள்: முதல் அடுக்கு லைப்ரரிக்குள் இருக்கிறது, அங்கே வாஸ்ம் கோப்பின் ஹெக்ஸ் முகவரி வருகிறதே தவிர சி++ வரி வரவில்லை, அதை அழைத்த முதன்மைக் கோப்புக்கு மட்டும் வரி எண் இருக்கிறது. சோர்ஸ் மேப் என்பது வெறும் ஜேசான். அதை நோட்பேடில் திறந்து ‘சோர்சஸ்’ பட்டியலைப் படியுங்கள். லைப்ரரியின் ஒரு கோப்புப் பெயர்கூட அதில் இல்லை. டிஸ்கில் இருக்கும் கோப்பிலேயே இல்லாத பெயருக்குக் கேஷைக் குறை சொல்வது நியாயமா?

தோட்டப்பள்ளி மாணவர்:
பாதைதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ‘--சோர்ஸ்-மேப்-பேஸ்’ கொடுத்துப் பார்த்தீர்களா?

கிராணி மகன்:
அது மேப் கோப்பு எந்த முகவரியில் கிடைக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. பட்டியலில் பெயரே இல்லாதபோது பாதையைத் திருத்தி என்ன பயன்?

லயத்து நிரலர்:
நீங்கள் சொன்னபடி மேக்ஃபைலில் (லைப்ரரியைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பில்) ‘-ஜி’ சேர்த்து ‘மேக்’ ஓட்டினேன். எதுவும் மாறவில்லை. எனவே நான் சொன்னதே சரி.

கிராணி மகன்:
‘மேக்’ என்பது கோப்புகள் மாறிய நேரத்தைத்தான் ஒப்பிடுகிறது; கொடி மாறியதை அது தானாக அறியாது. பழைய ஆப்ஜெக்டுகளே லைப்ரரியில் இருக்கின்றன. ‘மேக் கிளீன்’ செய்துவிட்டு மீண்டும் கட்டுங்கள். அதே மேக்ஃபைலில் முதலில் இருந்த ‘-ஜி’யை, கோப்பு பெரிதாகிறது என்று தீபாவளி விடுமுறை வகுப்பில் நீக்கியது யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

லயத்து நிரலர்:
பிள்ளைகள் கைப்பேசி டேட்டாவில் இறக்குகிறார்கள் என்பதற்காகத்தான் நீக்கினேன், அதற்காக நான் வருந்தவில்லை. வெளியீட்டுக்கு எதற்கு டுவார்ஃப்?

கிராணி மகன்:
வெளியீட்டுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். பிழை தேடும் கட்டமைப்புக்கு வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கட்டாமல், ‘-ஜி’ இல்லாமலே லைப்ரரி தெரியும் என்று பிள்ளைகளிடம் சொன்னதுதான் தவறு.

லயத்து நிரலர்:
முதன்மை நிரல் நிற்கிறது என்பதை நீங்கள் இன்னும் மறுக்கவில்லை, அண்ணே.

கிராணி மகன்:
நான் கேட்பது லைப்ரரியை. அந்த ‘.ஏ’ லைப்ரரிக் கோப்பின் மீது, டுவார்ஃப் தகவலைக் காட்டும் எல்எல்விஎம்-டுவார்ஃப்டம்ப் கருவியை ஓட்டி, வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.