பெர்லினில் மாஸ்டர்ஸ்: சென்னையிலிருந்து கிளம்பும் முன்

கேள்வி – வேளச்சேரி மாணவன்:
அக்டோபர் செமஸ்டருக்கு அட்மிஷன் வந்தாச்சு, ஏபிஎஸ் சான்றிதழும் (நம்ம படிப்புச் சான்றுகளை ஜெர்மனி தரப்பு சரிபார்த்துத் தர்றது) கையில இருக்கு. விசாவிலயும் வீட்டிலயும் எங்கே சிக்கல் வரும்?

பதில் – அடையாறு:
முதல்ல பெயரைப் பாருங்க. மார்க்‌ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பெயர் முழுசா இருக்கும். நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, அங்கே மாசாமாசம் எடுக்கிற கணக்கு), இன்சூரன்ஸ், விசா படிவம் எல்லாத்திலயும் பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே, ஓர் எழுத்து மாறாம போடுங்க.

பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு இப்போ வருஷத்துக்கு 11,904 யூரோ. அங்கே போனதும் மாசம் 992 கிடைக்கும். பணம் அனுப்பும்போது இடையில இருக்கிற வங்கி கட்டணம் பிடிச்சா தொகை குறைஞ்சு போய்ச் சேரும், பணம் வந்துடுச்சுன்னு விசாவுக்குக் காட்டுற உறுதிக் கடிதமும் தள்ளிப்போகும். அதனால எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கேன்னு வங்கியில சொல்லி, கொஞ்சம் கூடவே அனுப்புங்க.

பதில் – பெர்லின் மாணவி:
வீடு பேசும்போதே ‘அன்மெல்டுங்’ (முகவரிப் பதிவு) பண்ண முடியுமான்னு கேளுங்க. குடிபுகுந்த 14 நாளுக்குள்ள முகவரியைப் பதியணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேணும். தராதவங்ககிட்ட அட்வான்ஸ் கொடுக்காதீங்க, வாடகை எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி. முகவரியைப் பதிஞ்ச பிறகு வரி எண் தபால்லதான் வரும். தபால் பெட்டியில உங்க பெயர் ஒட்டலைன்னா கடிதம் திரும்பிப் போயிடும்.

பதில் – தாம்பரம்:
பார்ட் டைம் வேலைக்கு வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லைன்னா 280 அரை நாள் அனுமதி. முதல் செமஸ்டர் செலவுக்கு அதை நம்பாதீங்க தம்பி.