போஸ்டரை வைத்துப் பாடம் நடத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர் வரும்போது நான் எடுத்துப்போவது ஒரே ஒரு படம்தான். 1915இல் பிரிட்டனில் படைக்கு ஆள் சேர்க்க ஒட்டிய போஸ்டர். சாவில் லம்லி வரைந்தது. மெத்தை நாற்காலியில் அப்பா, மடியில் புத்தகத்தோடு மகள், காலடியில் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கும் மகன். கீழே, "அப்பா, மகா யுத்தத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி.

முதலில் அந்த வாசகத்தைக் காகிதத்தால் மறைத்துத்தான் காட்டுவேன். "பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்" என்பார்கள். காகிதத்தை எடுத்ததும் எல்லாருடைய கண்ணும் அப்பாவின் முகத்துக்குப் போய்விடும். கேட்பது மகள், ஆனால் அவர் பார்ப்பது நம்மை.

அப்புறம் கேட்பேன், இது எப்போது நடக்கிற காட்சி? போஸ்டர் வந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது. படத்திலோ அது முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், போருக்குப் போயிருந்தா இவர் இப்படி உட்கார்ந்திருப்பாரா?" என்று கேட்டாள். நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள். போகாதவரின் வெட்கத்துக்கு அந்தப் படத்தில் இடம் இருக்கிறது, போய்த் திரும்பாதவருக்கு இல்லை.

படத்தோடு பாடத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 1914 செப்டம்பரில் மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே படையில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அந்த வேகம் இல்லை, அதனால்தான் குடும்பத்தை இழுத்து வெட்கப்படுத்தும் போஸ்டர்கள். தெருவிலும் அதுவே நடந்தது. சீருடை போடாத ஆண்களின் கையில், கோழை என்று குத்திக்காட்டும் வெள்ளை இறகைப் பெண்கள் கொடுத்தார்கள். ஃபோக்ஸ்டோன் ஊரில் 1914 ஆகஸ்டில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஓய்வுபெற்ற அட்மிரல் தொடங்கிவைத்த வழக்கம் அது. சுவரும் தெருவும் சேர்ந்து நெருக்கியும் ஆள் போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தது. இந்தத் தேதிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதவைப்பேன். "போஸ்டரைப் பார்த்து எல்லாரும் சேர்ந்தார்கள்" என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன்.

*

டீச்சர் சொன்னது சரி. கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்தும் எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு சிக்கல். சிவப்புத் துணியைத் தலையில் கட்டி, முஷ்டியை மடக்கி நிற்கும் பெண்ணின் படம், "நம்மால் முடியும்!" வாசகத்தோடு, என் மாணவி ஒருவரின் டி-ஷர்ட்டிலேயே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பெண்களை வேலைக்கு வரவழைத்த படம் என்றே வகுப்பு முழுக்க நம்பியது. ஜே. ஹோவர்ட் மில்லர் அதை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்தார். 1943 பிப்ரவரியில் இரண்டு வாரம், அந்த நிறுவனத்தின் ஆலைகளுக்குள் மட்டும் தொங்கியது. பார்த்தவர்கள் ஏற்கெனவே அங்கே வேலை செய்தவர்கள். லீவு போடாமல், சோர்ந்துவிடாமல் உழைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கவலை. பெண்ணுரிமையின் அடையாளமாக அது பரவியது 1980களில்தான். மூலப் படத்தைப் பெரிதாக்கி, அவள் காலரில் இருக்கும் ஊழியர் பேட்ஜைக் காட்டினேன். டி-ஷர்ட்டில் அது இல்லை. "அப்போ இதைப் போடக் கூடாதா சார்?" என்றார் அந்த மாணவி. தாராளமாகப் போடலாம் என்றேன், ஒரு படம் வரைந்தவரை விட்டு வெகுதூரம் போய் நல்ல வேலையும் செய்யும்.

*

நான் நம் ஊர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தை எடுத்தேன். "நாம் இருவர், நமக்கு இருவர்" சுவர் விளம்பரம் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன, வட மாநிலங்களில் கடுமையான கட்டாயத்தோடு. ஒரு பையனின் பாட்டி படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். ஆபரேஷனுக்கு ஆள் தேடி வீடு வீடாக வந்தவர்களைப் பற்றித்தான் பேசினாராம். டீச்சரின் வெள்ளை இறகைப் படித்ததும் அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.